ஆறாவது கம்பி

தாமரைக்குச் சாமியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் யாருக்காவது சாமி வந்தால் பயம். இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும் என்று கேட்பவர்கள், பெற்ற தாய் கண்ணெதிரே வேறு ஆளாக மாறுவதை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

அவள் இயற்பியல் படித்தவள். கிள்ளான் நகரில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், அந்தப் பிளாக்கிலேயே பல்கலைக்கழகம் போன முதல் பெண். பட்டம் வாங்கியபோது கீழ்வீட்டுக்காரர்கள் கூட வந்து கை குலுக்கினார்கள். பட்டத்தோடு போய் அவள் உட்கார்ந்தது தலைநகரின் பங்சார் பகுதியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில். காரை இடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் பணம் கேட்பவர்களின் திட்டுகளை ஹெட்போனில் கேட்கும் வேலை. இயற்பியலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். கேட்காவிட்டாலும் வரும். கோபம் வராத நேரம் என்று ஒன்று இருந்தால், அது சனிக்கிழமை மதியம், தன் அறையில், கட்டில் ஓரத்தில், கிடாரோடு இருக்கும் நேரம்.

இப்போது அந்தக் கிடாரும் கடுப்பேற்றத் தொடங்கியிருந்தது. காரணம் ரோகிணி. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு சின்ன அரங்கை வைத்துக்கொண்டு, சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறவர்களை மேடையேற்றுகிறவள். தாமரை அனுப்பிய பாட்டுகளைக் கேட்டுவிட்டு ஃபோனில் குரல் பதிவு போட்டிருந்தாள்.

"டியர், குரல் சூப்பர். வரி சூப்பர். ஆனா எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கு லா. அடுத்த வாரம் சனிக்கிழமை ஷோவ நீதான் ஓப்பன் பண்ற. ஏதாவது புதுசா கொண்டா, சரியா?"

திட்டினால் திருப்பித் திட்டலாம். உண்மையைச் சொன்னால் என்ன செய்வது? எல்லாரும் கூட்டுகிற அதே சுருதி வரிசையில்தான் அவளும் கிடாரைக் கூட்டி வைத்திருந்தாள். அதில் விரல்களுக்கு எல்லா வழியும் மனப்பாடம். புதிதாக ஒன்று தேடிக் கிளம்பினாலும், தினமும் ஏறுகிற ரயிலில் கால்கள் தாமாகப் போய் ஏறுவது போல, விரல்கள் பழைய இடத்திலேயே போய் நின்றன. கம்பிகளை வேறு மாதிரி கூட்டிவிட்டால் விரலுக்கு வழி தெரியாது. வழி தெரியாமல் தடுமாறும்போது எதையாவது மிதிக்கும். அந்த ஏதோ ஒன்றுக்காகத்தான் அவள் வேலை முடிந்து வந்த பிறகெல்லாம் கம்பிகளை இறுக்கும் திருகுகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நடுக்கம்பிகளை இறக்கினாள்; எதையும் அழுத்தாமல் வெறுமனே வருடினாலே பெரிய அறைக்குள் நுழைந்தது போல ஒரு நாதம் கேட்டது. இன்னொரு நாள் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டை ஒரே சுருதியில் நிறுத்தினாள். அவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு மினுமினுத்தன. நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அழகாக இருந்தன, அவ்வளவுதான்.

ஷோவுக்கு ஒரு வாரம் முன்பு, சனிக்கிழமை மதியம், அவள் ஆறாவது கம்பியில் கை வைத்தாள். இருப்பதிலேயே தடித்த கம்பி. இறக்கினாள். இன்னும் இறக்கினாள். ஐந்தாவது கம்பிக்கு நேர் ஒரு ஸ்தாயி கீழே வரும்வரை விடவில்லை. கம்பி, துணி காயப்போடும் கயிறு மாதிரி தொளதொளத்துப் போனது. கிடார் தெரிந்தவன் பார்த்தால் சிரிப்பான். கட்டைவிரலால் அடித்துவிட்டு, இடது கையால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தாள்.

அது முனகியது.

தள்ளத் தள்ள முனகல் ஏறியது. விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. தளர்ந்த கம்பி அடியிலிருக்கும் உலோகக் கட்டைகளில் உரசி, முனகலுக்குக் கீழே ஒரு கரகரப்பு. அடி, தள்ளு, விடு. அடி, தள்ளு, விடு. அவள் கையில் மயிர் சிலிர்த்தது. இத்தனை வருஷமும் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது, திருகைத் திருப்பத்தான் ஆள் இல்லை! ஃபோனில் பதிவு செய்து தனேஷுக்கு அனுப்பினாள். தனேஷ் அவளுக்குத் தாளம் போடுகிறவன். பகலில் கிராப் டாக்சி ஓட்டுவான், மேடையில் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தட்டுவான். அனுப்பிவிட்டு மறுபடி வாசிக்க உட்கார்ந்தாள். இம்முறை இன்னும் வேகமாக.

சமையலறையில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. அம்மாவுக்குக் கை தவறியிருக்கும். தாமரை வாசிப்பை விடவில்லை.

அடுத்து விழுந்தது அம்மாவின் கைத்தடி. அந்தச் சத்தம் அந்த வீட்டில் கேட்கவே கூடாத சத்தம். அவள் தலையைத் தூக்கினாள்.

அறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தடி இல்லாமல்.

அம்மா இராஜம்மாவின் கொண்டை அவிழ்ந்து முடி தோளில் கிடந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண் மகளைப் பார்க்கவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு, உதட்டோரமாக ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். திருகாணி போட்டு இறுக்கிய இடுப்பு, பாரம் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொன்ன இடுப்பு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

தாமரை "ம்மா!" என்று கத்திக்கொண்டே உள்ளங்கையால் கம்பிகளை அறைந்து மூடினாள். சத்தம் நின்றது. நின்ற அந்த நொடியே அம்மா விழுந்தாள்.

சாய்ந்து, சுவரைப் பிடித்து, மெல்ல விழவில்லை. கொடியில் கிடந்த சேலையின் கிளிப்பைக் கழற்றினால் எப்படி இறங்குமோ அப்படி இறங்கினாள். தாமரை கிடாரை எறிந்துவிட்டுப் பாய்ந்ததில் அம்மாவின் தலை மட்டும் அவள் கைக்குக் கிடைத்தது. அம்மாவின் முழங்கை கதவு நிலையில் இடித்துத் தோல் உரிந்தது. இடுப்பு? இடுப்பு என்ன ஆனது?

"ம்மா, கால அசை. ம்மா, அசை லா!"

கால் அசைந்தது. அம்மா கண்ணைச் சிமிட்டினாள். "ஏண்டி தொண்டை கிழியுற மாதிரி கத்துற? நான் ஏன் கீழ கிடக்குறேன்?"

"தல சுத்திருச்சி உனக்கு."

அம்மாவின் பார்வை கட்டிலில் தலைகீழாகக் கிடந்த கிடாருக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"என்ன வாசிச்ச?"

"ஒன்னும் வாசிக்கல. கம்பி மாத்துனேன்."

இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம். டாக்டர் அதை மலாயில் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னார், தாமரை அதையே அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். போன வருஷக் கோயில் திருவிழாவில் முதல் தடவை விழுந்தபோது இடுப்பெலும்பு உடைந்தது. அடுக்குமாடிக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில் இருக்கும் சின்னக் கோயில். ஊர்வலத்தில் உறுமி மேளம் முழங்க, வருஷா வருஷம் வருவது போல இராஜம்மாவுக்குச் சாமி வந்தது. போலீஸ் பெர்மிட் நேரம் முடிந்துவிட்டதென்று கோயில் தலைவர் அய்யாவு மைக்கைப் பிடித்து, "நிறுத்து! எல்லாத்தையும் நிறுத்து!" என்று கத்தினார். மேளம் நின்றது. இராஜம்மா தார் ரோட்டில் கிடந்தாள். அய்யாவு ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து தாமரை வீட்டில் உறுமிக்குத் தடை போட்டாள். திருவிழா நாட்களில் அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினாள். கல்யாண ஊர்வலம் ஏதாவது கீழே போனால் ஜன்னலை மூடி டிவியைச் சத்தமாக வைத்தாள். இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவள் அவள்தானா? அவளுக்கு அப்போது அது தெரியாது. ஆனாலும் அந்தக் கம்பியைப் பழைய இடத்துக்கு முறுக்கி ஏற்றினாள். கம்பி கிறீச்சிட்டது.

மறுநாள் கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்து மாமாக் டீக்கடையில் தனேஷ் அவளைப் பார்த்ததும் பிளாஸ்டிக் மேசையை இரண்டு கையாலும் தட்டினான்.

"அடிப்பாவி! கிடார்ல உறுமி வாசிச்சிருக்கியே!"

"என்ன உறுமி?"

"என்ன உறுமியாவா? ஏய், ஸ்கூல்ல ஃபார்ம் த்ரீலேர்ந்து உறுமிக் குழுவுல அடிச்சவன் லா நான். அந்த வளைஞ்ச குச்சிய வச்சு தோலத் தேய்ச்சா ஒரு முனகல் வரும்ல, அச்சு அசலா அதேதான். தெரியாமயா வாசிச்ச? யுனிவர்சிட்டில என்னதான் சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

அவள் தேநீரைத் தொடவில்லை. வாசலில் நின்ற அம்மா மறுபடி கண்ணுக்குள் வந்தாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே, இது நரம்பு சம்பந்தப்பட்டது, ஒரு சத்தத்துக்கு உடம்பு பழகிப்போனால் அந்தச் சத்தம் கேட்டதும் ஆடும், வேறு ஒன்றுமில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். யார் கேட்டது? அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள்.

தனேஷின் சிரிப்பு போய்விட்டது. "சரி. எப்படி எறக்குன?"

"எத?"

"அம்மாவ."

"நிறுத்திட்டேன்."

"சட்டுனா?"

"பின்ன? பார்த்துக்கிட்டே வாசிக்கச் சொல்றியா?"

"ஆமா லா!" பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். தனேஷ் குரலைத் தாழ்த்தினான். "யாருக்காச்சும் வந்திருச்சின்னா நாங்க நிறுத்தவே மாட்டோம், தாமர. கை கிழிஞ்சாலும் அடிப்போம். கொஞ்சம் கொஞ்சமா அடிய மெதுவாக்கி, சத்தத்தக் குறைச்சு, விபூதி போட்டு, அவங்க உடம்பு அடங்குற வரைக்கும் கூடவே போவோம். மாடில நிக்கிறவங்களுக்கு ஏணிய உருவுனா என்ன ஆகும்? போன வருஷமும் அதானே ஆச்சு. சாமி வந்ததால விழல அவங்க. மேளம் நின்னதால விழுந்தாங்க. அன்னைக்கு எங்க குழு பந்திங்ல வேற திருவிழாவுல இருந்துச்சு. நாங்க இருந்திருந்தா அந்தாளு என்ன கத்துனாலும் நிறுத்தியிருக்க மாட்டோம்."

"அங்க இல்லாதவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான்."

"சொல்லிக்கோ." அவன் கண்ணைத் தாழ்த்தினான். "இன்னொன்னு. அந்தப் பதிவ ரோகிணி அக்காவுக்கு அனுப்பிட்டேன். அவங்க குதிக்கிறாங்க. அதத்தான் மொதப் பாட்டா வைக்கணுமாம்."

அவளுக்கு அவன் மண்டையில் அந்தத் தேநீரைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்காததற்குக் காரணம், ரோகிணி குதிக்கிறாள் என்று கேட்டதும் தனக்குள்ளும் ஏதோ ஒன்று குதித்ததுதான். முதல் தடவையாக, யாருடையது போலவும் இல்லாத ஒரு பாட்டு. அதை வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அம்மா கிள்ளானில் இருக்கட்டும், பாட்டு பிரிக்பீல்ட்ஸில் இருக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

அந்த வாரம் முழுவதும் பாக்கெட்டுக்குள் கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு நடப்பது போல இருந்தது. தனேஷின் வீட்டில்தான் பயிற்சி. தினமும் கம்பியை இறக்கினாள். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் ஏற்றினாள், தவறி ஒரு விரல் பட்டு அது முனகிவிடக் கூடாதே என்று. அம்மா வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு வாசிக்கலயா?"

"இல்ல."

"அன்னைக்கு ஒன்னு வாசிச்சியே."

"கம்பி மாத்துனேன்னு சொன்னேன்ல."

அம்மா நம்பவில்லை. வேறொன்று அம்மாவின் முகத்தில் இருந்தது. பசி மாதிரி. அது, அம்மா விழுந்ததை விட அதிகமாகத் தாமரையைப் பயமுறுத்தியது.

ஒருநாள் சாதம் வடித்துக்கொண்டே அம்மா தானாகப் பேசினாள். "அந்த ஸ்கூல்ல எத்தன வருஷம் கக்கூஸ் கழுவுனேன். ஒரு டீச்சராச்சும் என் பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல. ஆன்ட்டி, அங்க நாறுது. ஆன்ட்டி, இங்க நாறுது. அதே டீச்சர் திருவிழாவுல என் கால்ல விழுந்து, ஆத்தா என் மகனுக்குக் கல்யாணம் ஆகுமான்னு கேக்கும். வருஷத்துல ஒரு நாளுதாண்டி நான் பேசுனா ஜனங்க கேட்டுச்சி. இப்ப அதுவும் இல்ல. இப்ப நான் இடுப்பு ஒடஞ்ச இராஜம்மா."

தாமரைக்கு அந்த டீச்சர் மேல் கோபம் வந்தது, அய்யாவு மேல் வந்தது, ஊர் மேலேயே வந்தது. சொல்ல வேண்டியது எதையும் சொல்லாமல், சொல்ல வேண்டாததைச் சொன்னாள். "சனிக்கிழமை எனக்கு ஷோ இருக்கு. நீ வர முடியாது. ஹால் மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல."

"நான் கேட்டனா?" என்றாள் அம்மா.

சனிக்கிழமை சாயங்காலம். அரங்கு தரைத்தளத்தில்தான் இருந்தது. பழைய கடைவீட்டை இடித்து விரித்து, கருப்புச் சாயம் அடித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்ட இடம். வெளியே மல்லிகை மாலைக் கடைகளின் வாசம், உள்ளே ஏர்கான் குளிர். பின்வரிசையில் ஒலிப்பெட்டியின் முன்னால் குரு என்ற பையன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். ரோகிணி வெள்ளிக் காதணி ஆட ஓடி வந்தாள்.

"டியர், அந்த உறுமல் இருக்குல, அத நல்லா இழுத்து வாசி. ஜனங்க எந்திரிச்சு ஆடணும். குரு, கிடார் பேஸ் ஏத்து, நெஞ்சுல இடிக்கணும்!"

மேடை ஓரத்தில் தாமரை ஆறாவது கம்பியை இறக்கினாள். திருகின் பக்கத்தில், கம்பி வளையும் இடத்தில், விரலில் ஏதோ குத்தியது. மேலே சுற்றியிருந்த மெல்லிய உறை பிரிந்து ஒரு முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, கம்பி அங்கே நைந்துபோயிருந்தது. மாற்றுக் கம்பி இல்லை. தளர்ந்து கிடக்கும்வரை தாங்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மேடையில் வெளிச்சம் விழுந்தது. தனேஷ் பெட்டியில் மெல்லத் தட்டினான். அடி, தள்ளு, விடு. கிடாருக்குள் வைத்த மைக் வழியாக அந்த முனகல் பெரிய ஸ்பீக்கர்களில் வந்தபோது தரையே அதிர்ந்தது. யாரோ "ஓய்!" என்று உற்சாகமாகக் கத்தினார்கள். தாமரை பாடினாள். தன் குரல் தன் குரலாகவே இல்லாமல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. இதுதான், இதற்குத்தான் என்று நினைத்தாள். இரண்டாவது சரணத்துக்குப் போனபோது, நடுவழியை ஒட்டிய நாற்காலி ஓரத்தில் ஒரு கைத்தடி சாய்ந்திருப்பதைப் பார்த்தாள். தடியின் பிடியில் சிவப்பு டேப். அந்த டேப்பைச் சுற்றியது அவள்தான்.

பக்கத்து வீட்டு மாதவி உட்கார்ந்திருந்தாள். மாதவிக்கு அடுத்த நாற்காலியில் அம்மா. நல்ல சேலை. கொண்டையில் கை. கை கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

தாமரையின் உள்ளங்கை கம்பிகளுக்கு மேலே எழுந்துவிட்டது. அறைந்து மூடு, மூடு, மூடு என்று உடம்பு முழுவதும் சொன்னது. கீழே கார்ப்பெட் இல்லை, வெறும் சிமென்ட். கை அந்தரத்தில் நின்றது. அந்த ஒரு அடி தவறியதிலேயே அம்மாவின் தலை பின்னால் சாய்ந்தது. தாமரை பதறி மறுபடி அடித்தாள். தலை நிமிர்ந்தது.

நிறுத்த முடியாது. வாசித்தால் ஆடுவாள், நிறுத்தினால் விழுவாள்.

இராஜம்மா எழுந்துவிட்டாள். தடியைத் தொடவில்லை. ஸ்ஸ்... ஸ்ஸ்... என்ற அந்த மூச்சு, அவ்வளவு சத்தத்திலும், தாமரைக்குக் கேட்டது. அல்லது கேட்டது போல இருந்தது. மாதவி சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். முன்வரிசையில் ஃபோன்கள் உயர்ந்தன. யாரோ சிரித்தார்கள். தாமரை பாட்டை விட்டுவிட்டாள், வாசிப்பை மட்டும் பிடித்துக்கொண்டாள். சத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள். அது மோசமாகப் போனது: சத்தம் குறையக் குறைய அதைத் தேடிக்கொண்டு அம்மா மேடையை நோக்கி நடந்தாள். இடுப்பை இழுத்து இழுத்து, நாற்காலிகளுக்கு நடுவே.

பின்னால் ரோகிணி குருவிடம் ஓடினாள். கழுத்தின் குறுக்கே கையை வீசிக் காட்டினாள். வெட்டு. சத்தத்தை வெட்டு. குருவின் கை பொத்தான்களுக்குப் போனது.

தாமரை மைக்கில் கத்தினாள். "நிறுத்தாத! டேய் குரு, கைய எடு! யாரும் எதையும் நிறுத்தக்கூடாது!"

அரங்கு திகைத்தது. குரு சூடு பட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான். தனேஷ் அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. தட்டலை ஒரு துளி மெதுவாக்கினான். "கூடவே வா," என்றான், உதடு அசைய.

ஆனால் எப்படிக் கூடப் போவது? முனகல் வருவதே கம்பி தளர்ந்திருப்பதால்தான். மெதுவாக வாசித்தாலும் முனகும். முனகலை எடுக்க வேண்டுமென்றால் கம்பியை முறுக்க வேண்டும். ஒரேயடியாக முறுக்கினால் அதுவும் ஏணியை உருவியது மாதிரிதான். வாசித்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக. அந்த நைந்த கம்பியை. அது பாதியில் அறுந்தால், 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

இடது கை திருகுக்குப் போனது. வலது கட்டைவிரல் அடித்துக்கொண்டே இருந்தது. அடித்தாள், ஒரு துளி திருகினாள். மூச்சை விட்டாள். அடித்தாள், ஒரு துளி திருகினாள். அம்மா மேடை விளிம்புக்கு வந்துவிட்டாள். கையை நீட்டினால் தொடலாம். அந்த முகம்! தாமரை பிறந்ததிலிருந்து பார்த்த முகம், அதில் அவளைத் தெரிந்தவர்கள் யாருமே இல்லை. அம்மாவின் மூச்சு இழுக்கும்போதெல்லாம் தாமரையின் பல்லிடுக்கிலும் காற்று இழுத்தது. தன் முழங்கால் தாளத்துக்கு ஆடுவதை உணர்ந்தாள். பயத்தில் ஆடுகிறதா, வேறெதிலாவதா? வேண்டாம், எனக்கு வேண்டாம், நான் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று தனக்குள்ளே கெஞ்சினாள். யாரிடம் கெஞ்சுகிறோம் என்று யோசிக்கத் துணியவில்லை.

சுருதி ஏறியது. கரகரப்பு மெலிந்தது. முனகல் மனிதக் குரல் மாதிரி ஆகி, பிறகு வெறும் கம்பியின் குரல் மாதிரி ஆனது. திருகின் கீழே ஒரு இழை 'டிக்' என்று விட்டது. கை நின்றுவிடவில்லை. அடி. இன்னும் ஒரு துளி. இன்னொரு இழை.

தனேஷ் ஒற்றைக் கையால் பெட்டியைத் தட்டிக்கொண்டே எழுந்தான். சட்டைப் பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். குழுவை விட்டும் அந்தப் பழக்கம் அவனை விட்டிருக்கவில்லை. மேடையிலிருந்து குனிந்து இராஜம்மாவின் நெற்றியில் விபூதியை இழுத்தான். "போய்ட்டு வா ஆத்தா," என்றான் சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரியை வழியனுப்புவது போல. "மெதுவா. ஒன்னும் அவசரம் இல்ல."

அம்மாவின் தோள் இறங்கியது. ஆட்டம் இடுப்பிலிருந்து கைக்குப் போய், கையிலிருந்து விரல்களுக்குப் போய், விரல் நுனியில் நின்றது. மாதவி நாற்காலியைக் கொண்டுவந்து பின்னால் போட்டாள். இராஜம்மா பின்னால் கையை விட்டுத் துழாவி, நாற்காலி இருக்கிறதென்று உறுதி செய்துகொண்டு, தானாகவே உட்கார்ந்தாள்.

"தண்ணி குடு," என்றாள்.

அதற்குப் பிறகும் தாமரை வாசித்துக்கொண்டிருந்தாள். தனேஷ் வந்து அவள் கையைப் பிடித்து எடுக்கும்வரை. அரங்கில் யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள் போல. மைக்கை எடுத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்காமல், அம்மாவிடம் இறங்கிப் போனாள்.

தனேஷின் காரில் ஃபெடரல் ஹைவேயில் கிள்ளானுக்குத் திரும்பினார்கள். மாதவி முன்னால் உட்கார்ந்து, அரங்கில் தனக்கு எப்படிக் குலை நடுங்கியது என்று தனேஷிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் அம்மாவும் மகளும், நடுவே கிடார். தாமரையின் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை மறைக்கத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணாவது மாடின்ன," என்றாள் அம்மா. "ஏறலாம்னுதான் வந்தேன். வந்து பார்த்தா மாடியே இல்ல."

"ஏம்மா வந்த? விழுந்திருந்தா?"

"அன்னைக்கு நீ வாசிச்சத இன்னொரு தடவ கேக்கத்தான் வந்தேன்." அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "விழலயே."

கொஞ்ச தூரம் போனபின் அம்மா மகளின் தொடைக்கு அடியில் கையை விட்டு, அந்தக் கையை வெளியே எடுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசில கம்பி அறுந்துருமோன்னு எனக்கும் பயமா இருந்துச்சிடி. டிக்கு டிக்குன்னு விட்டுச்சில்ல."

தாமரை சட்டென்று திரும்பினாள். "உனக்குக் கேட்டுச்சா? நீதான்... நீ அப்ப..."

"காது எங்க போகும்? இங்கதானே இருந்துச்சி." அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். "அந்தக் கம்பி பழசு. அடுத்த தடவ வாசிக்கும்போது புதுசு போட்டுக்கோ."

அடுத்த தடவை கிடையாது என்று சொல்லத் தாமரை வாயைத் திறந்தாள். மடியில் இருந்த அம்மாவின் கட்டைவிரல், தனக்கே தெரியாமல், அவள் மணிக்கட்டில் தட்டிக்கொண்டிருந்தது. அடி, தள்ளு, விடு. தாமரை அந்த விரலைப் பிடித்து நிறுத்தப் போனாள். பிறகு பயந்துபோய், நிறுத்தாமல் விட்டுவிட்டாள்.